பானுமதி ஏன் உட்காரவில்லை?

கடப்பாக்கம்
8.7.2024

அன்புள்ள பானுமதிக்கு,

அன்பு இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. ஐஸ் பெட்டியில் அடிக்குப் போன வவ்வால் மீன் மாதிரி, கோபத்துக்குக் கீழே கிடக்கிறது. தோண்டினால் கிடைக்கும்.

நீ செங்கல்பட்டில் உன் அண்ணன் கலைவாணன் வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. போகும்போது உன் போனை அரிசி டிரம் மேல் வைத்து, "இதும்மேலதான உனுக்கு சந்தேகம்? இத்தையே வெச்சிக்கினு குடுத்தனம் பண்ணு" என்றாய். பண்ணிக்கொண்டிருக்கிறேன். சார்ஜ் போட்டால் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் சோறாக்க மாட்டேன் என்கிறது. உன் அண்ணனோ என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணுகிறான். அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. 'எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று கை தானாக ஓடுகிறது.

நான் என்ன கொலையா செய்தேன்? ஒரு கேள்வி கேட்டேன். செய்யூர் மார்க்கெட்டில் அத்தனை பெண்களும் பலகை போட்டு உட்கார்ந்து மீன் விற்கிறார்கள். நீ மட்டும் ஏன் நிற்கிறாய்? பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக இருந்தாலும், கண்டக்டர் சம்பத் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏன் வருகிறாய்? என் தங்கை மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல், இலையைக் கையில் ஏந்தி வாசல் ஓரமாக நின்று சாப்பிட்டாயே, யாரைப் பார்க்க? மார்க்கெட்டில் உனக்கு அடுத்த பலகைக்காரி சந்திரம்மா என்னிடம் வந்து, "அண்ணாத்த, நான் சொன்னன்னு சொல்லாத. நிக்கிறவ கண்ணு ரோட்டு மேலயே கீது" என்றாள். அவள் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை.

இதில் பெரிய கொடுமை, இந்தக் கடிதத்தை உன்னிடம் சேர்க்க செங்கல்பட்டு பஸ்ஸைத் தவிர வேறு வழி இல்லை. அந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர் சம்பத்தைத் தவிர வேறு ஆள் இல்லை. மீசைக்கு மை அடித்தவன் கையில் என் மானத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கவரின் நாலு பக்கமும் சோற்றைத் தேய்த்து ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் எழுது.

உன் கணவன்,
தேவேந்திரன்

*

செங்கல்பட்டு
12.7.2024

மாமாவுக்கு,

கவர் பிரியவில்லை. நான் பிரிக்கவே அரிவாள்மனை தேவைப்பட்டது. கடிதம் என்றால் 'நீங்கள்' என்று மரியாதை தானாக வருகிறது, நேரில் எதிர்பார்க்காதீர்கள்.

தேவேந்திரனுக்கு உடம்பெல்லாம் கண் என்பார்கள். உங்களுக்குச் சரியான பேர்தான் வைத்திருக்கிறார்கள். நான் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று ஆயிரம் கண்ணும் பார்த்தன. உட்காரும்போது என் முகம் என்ன ஆகிறது என்று ஒரு கண்ணாவது பார்த்ததா?

மூன்று வருஷமாகச் சொல்கிறேன். உட்கார்ந்தால் முதுகெலும்பு முடிகிற இடத்தில் அடுப்புக்கரியை வைத்த மாதிரி எரிகிறது, இடது காலில் பாதம் வரை இழுக்கிறது, தும்மினால் உயிர் போகிறது என்று. மதுராந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நீங்கள் உடனே, "அதான் ஒண்ணியும் இல்லன்ட்டாங்களே, வயசாவுது இல்ல?" என்று சொல்லி ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தீர்கள். அதை இப்போது மீன் கூடைக்குக் கட்டியிருக்கிறேன். கூடைக்கு நல்ல குணம் தெரிகிறது.

இங்கே வந்த மறுநாளே பிரிசில்லா அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். நர்ஸ் இல்லையா. நான் சமையல் மேடையில் தட்டை வைத்து நின்றபடி சாப்பிடுவதைப் பார்த்து, "ஏன் உக்கார மாட்றீங்க?" என்றாள். நீங்கள் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். ஐஸ் பெட்டிக்குள் தள்ளிய சுறா மாதிரி படுத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே, முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறதே, அதற்குள் நரம்பு மேல் நாவல் பழம் அளவில் ஒரு நீர்ப்பை இருக்கிறது. மூளையிலிருந்து முதுகெலும்பு வழியாக ஒரு தண்ணீர் இறங்குகிறதாம். அது நரம்பின் உறைக்குள் புகுந்து உப்பிவிட்டது. நண்டுக்கூண்டு மாதிரி, உள்ளே போக வழி உண்டு, திரும்பி வர வழி இல்லை. உட்கார்ந்தால் அது இன்னும் உப்பி நரம்பை எலும்போடு வைத்து நசுக்குகிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்ணீர் தெரியாது.

நான் ரோட்டைப் பார்க்கவில்லை மாமா. எப்போது படுப்போம் என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்தேன்.

பானுமதி

*

கடப்பாக்கம்
16.7.2024

பானு,

உன் கடிதத்தைப் படகு மறைவில் வைத்துப் படித்தேன். கண்ணில் மணல் விழுந்துவிட்டது. ஆயிரம் கண் இருந்தால் ஆயிரத்திலும் விழும்போலிருக்கிறது.

பை என்றால் கட்டிதானே? நல்ல கட்டியா, கெட்ட கட்டியா? அதை எழுதவே இல்லையே. நீ எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்காக இரண்டு நாளாக நான் கடலுக்குப் போகவில்லை. முதலில் அதற்குப் பதில் சொல்.

இரண்டாவது, உன்னைப் பார்க்கிற டாக்டருக்கு என்ன வயது?

சும்மாதான் கேட்டேன். இருபது வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு உன் முதுகில் இருக்கும் மச்சம் மட்டும்தான் தெரியும். அவர் நாலு நாளில் எலும்பு, நரம்பு, அதற்குள் ஓடுகிற தண்ணீர் வரை பார்த்துவிட்டார். அதுவும் படம் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. எனக்கு வயிறு எரிகிறது. உன் நோய் மேல் எனக்கு வருத்தம். உன் நோயைக் கண்டுபிடித்தவர் மேல் பொறாமை. இப்படி ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்டால், இதோ கடப்பாக்கத்தில் ஒருவன் இருக்கிறான்.

ஊர்ச் செய்தி: உன் பலகை மேல் சந்திரம்மா அவளுடைய நண்டுக் கூடையை ஏற்றிவிட்டாள். "சும்மாதான கெடக்குது" என்கிறாள். நல்ல மனசு, எனக்கு நெத்திலிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டேன். பசி.

தேவேந்திரன்

*

செங்கல்பட்டு
30.7.2024

மாமாவுக்கு,

கெட்ட கட்டி இல்லை. வெறும் தண்ணீர். கடலுக்குப் போங்கள்.

டாக்டர் திருநாவுக்கரசுக்கு மூன்று பெண்கள், மூன்று மருமகன்கள், காதில் முடி. போதுமா?

இவர் இரண்டாவது டாக்டர். முதலில் பார்த்தவர், "இந்த மாதிரிப் பை நிறையப் பேருக்கு இருக்கும்மா, அது பாட்டுக்கு இருக்கும், உங்க வலி வேற எதனாலயாவது வரலாம்" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் தப்பில்லை என்றுதான் திருநாவுக்கரசு டாக்டரும் சொன்னார். ஆனால் இவர், "குத்தவாளி இதுதானான்னு மொதல்ல பாத்துடலாம்" என்றார். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கி அந்தத் தண்ணீரை உறிஞ்சினார். குடிக்கிற தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை அண்ணி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எரியவில்லை. தோசை தின்றேன். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன். தட்டு காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அண்ணி வந்து பார்த்தால் நான் உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருக்கிறேன். "வலிக்குதா?" என்கிறாள். "இல்ல அண்ணி, வலிக்கல" என்று இன்னும் சத்தமாக அழுகிறேன்.

அந்த வாரம் முடிவதற்குள் பை திரும்ப ரொம்பிவிட்டது. எரிச்சலும் வந்துவிட்டது. ஆக, குற்றவாளி அதுதான். இனி ஆபரேஷன். எலும்பில் ஜன்னல் மாதிரித் திறந்து, பையைப் பிரித்துத் தண்ணீரை வடித்து, அதன் சுவரை மடித்துத் தைத்து, திரும்பத் தண்ணீர் புகாமல் என் உடம்புக் கொழுப்பையே வைத்து அடைத்து, ஒரு பசை போடுவார்கள். உங்கள் சோற்றுப் பசை இல்லை.

பயமாக இருக்கிறது. பாதத்துக்கும் மூத்திரப் பைக்கும் போகிற நரம்புகள் அங்கேதான் இருக்கின்றன. கை தவறினால் உணர்ச்சி போகலாம், அடக்க முடியாமல் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்படி ஆகிவிட்டால் எந்த மார்க்கெட்டில் போய் உட்காருவேன்?

அதனால்தான் சொல்கிறேன், என் பலகை. ஆள் உட்காராத இடம் அடுத்தவளுக்கு என்பது மார்க்கெட்டு வழக்கம், உங்களுக்கும் தெரியும். என் அம்மா உட்கார்ந்து விற்ற இடம் அது. அங்கே ஒருநாள் நான் ஒழுங்காக உட்கார வேண்டும் என்றுதான் முதுகைக் கிழித்துக்கொள்ளப் போகிறேன். அதில் நண்டுக் கூடையை ஏற்றினவள் குழம்பை நீங்கள் சாப்பிட்டீர்கள். நெத்திலியில் மாங்காய் போட்டிருந்தாளா? போட்டிருப்பாள். உங்களுக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது?

ஆபரேஷனுக்கு நீங்கள் வரவேண்டாம். மயக்க மருந்து கொடுப்பவர் வயதைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டியதில்லை.

இதை பிரிட்ஜ் மேல் தாள் வைத்து, நின்றுகொண்டு எழுதுகிறேன். யாரையும் பார்ப்பதற்காக இல்லை.

பானுமதி

*

கடப்பாக்கம்
6.8.2024

பானு,

மாங்காய் போட்டிருந்தாள். நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? ஆயிரம் கண் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. தையல் போடும் முன்பே சிரித்துவிட்டால் நல்லது.

உன் பலகையில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம். விடியற்காலை கடல், அப்புறம் செய்யூர் மார்க்கெட்டு. கரையில் ஏலம் விடுவது ஆம்பிளை, மார்க்கெட்டில் கூறு கட்டுவது பொம்பிளை என்று இருக்கிற இடத்தில், தொந்தியும் லுங்கியுமாக உன் பலகையில் ஒருவன். முதல் நாள் மார்க்கெட்டே வந்து பார்த்துவிட்டுப் போனது. "இன்னா அண்ணாத்த, தலப்பாவ அவுத்துட்டு முந்தானி போட்டுக்கோ" என்று ஒருத்தி. "இவுரு மீன் விக்க வந்தாரா, நம்பள நோட்டம் வுட வந்தாரா?" என்று இன்னொருத்தி. சந்திரம்மா நண்டுக் கூடையை இறக்கிக்கொண்டாள். முகத்தைத்தான் ஏற்றிக்கொண்டாள்.

உச்சி வெயிலுக்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. ஒன்றும் இல்லாத இடுப்பு! எழுந்து நின்றேன். நின்றதும் ரோடு தெரிந்தது. அங்கே நின்றால் கண் ரோட்டுக்குத்தான் போகிறது பானு. வேறு எங்கே போகும்? எதிரில் இருப்பது அது ஒன்றுதான்.

அன்று பஸ்ஸில் சம்பத்தை நேரடியாகக் கேட்டுவிட்டேன். "என் பொண்டாட்டி எதுக்குடா உன்னாண்ட நின்னுகினே வரா?" அவன் பையை மூடிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தான். "அண்ணே, அக்கா குந்துனா கண்ணுல தண்ணி வுடுது. நின்னா சாதாரணமா பேசுது. அதான் கம்பியாண்ட எடம் வுட்டேன். இன்னா ஏதுன்னு நான் கேக்கல. உனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

அவனோடு நீ ஓடிப் போயிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. நீ சொல்லியும் எனக்கு உறைக்காதது அவன் கண்ணில் பட்டிருக்கிறது. மை அடித்த மீசைக்காரன், டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் பார்த்துவிட்டான். நான் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பார்க்கவில்லை. இந்தப் பொறாமைக்கு என்ன மருந்து என்று உன் டாக்டரைக் கேள். ஊசி போட்டு உறிஞ்ச முடியுமா? திரும்ப ரொம்பாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

வர வேண்டாம் என்றாய். சரி.

தேவேந்திரன்

*

செங்கல்பட்டு
10.8.2024

மாமாவுக்கு,

சிரித்தேன். சிரித்தால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் சம்பத் சொன்ன செய்தி வேறு. "அக்கா, அண்ணன் பலகையாண்ட ஒரே கூட்டம். அந்த சந்திரம்மா இப்பல்லாம் அண்ணனாண்ட சிரிச்சி சிரிச்சிப் பேசுது. மீனு சுத்தம் பண்ணக்கூடக் கத்துக் குடுக்குது" என்றான். நான் நின்றால் சந்தேகம் உங்களுக்கு. நீங்கள் உட்கார்ந்தால் எனக்கு வராதா? அவள் எந்தக் கையால் கத்தியைப் பிடித்துக் காட்டினாள், உங்கள் கை எங்கே இருந்தது, எல்லாம் எழுதவும்.

புதன்கிழமை காலை ஆபரேஷன். நீங்கள் வந்தால் அன்றைக்குப் பலகை போய்விடும். வராவிட்டால் — வராவிட்டால் ஒன்றுமில்லை. அண்ணி இருக்கிறாள்.

மூத்திரம் அடக்க முடியாத பெண்டாட்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன். பார்த்தீர்களா, 'உட்கார்ந்தேன்' என்று எழுதிவிட்டேன். நின்றேன். கேட்கவில்லை.

பானுமதி

*

செங்கல்பட்டு, ஆஸ்பத்திரி
20.8.2024

மாமாவுக்கு,

பக்கவாட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

தையல் காய்கிறது. தண்ணீர் கசியவில்லை. கசியக் கூடாது என்றுதான் முதல் நாட்களில் தலையைத் தூக்கவே விடவில்லை. இடது கால் சுண்டுவிரல் மட்டும் மரத்திருக்கிறது. வரும், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். நேற்று மூத்திர டியூபை எடுத்தார்கள். நானாகப் பாத்ரூம் போனேன். நானாகவே அடக்க முடிந்தது. வாழ்க்கையில் இதற்காகச் சாமி கும்பிடுவேன் என்று நினைத்ததில்லை.

அண்ணி சொன்னாள். புதன்கிழமை வராண்டாவில் நாற்காலி வரிசையாகக் காலியாகக் கிடந்ததாம். ஆபரேஷன் முடியும்வரை ஒருவர் உட்காரவே இல்லையாம். "உக்காருங்கண்ணே" என்றதற்கு, "அவ மூணு வருசமா நிக்கிறா" என்றாராம். நான் கண் விழிப்பதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டாராம், 'வர வேண்டாம்னு சொல்லியிருக்கா' என்று.

சொன்னால் அப்படியே கேட்பதா? இருபது வருஷத்தில் கேட்டது இந்த ஒன்றுதான்.

என் பலகை என்ன ஆச்சு?

பா.

*

கடப்பாக்கம்
24.8.2024

பானு,

மயக்க மருந்து கொடுத்தவரின் வயதை நான் கேட்கவில்லை. பார்த்தாலே சின்ன வயசு என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீ கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில்: துணி துவைக்க எனக்குத் தெரியும். வலையே துவைக்கிறேன்.

பலகை பத்திரம். இனி எழுதப் போவதைப் படித்தால் நீ தையலோடு எழுந்து வந்து என்னை அடிப்பாய். புதன்கிழமை போகும்போது சந்திரம்மாவிடம்தான் சொல்லிவிட்டுப் போனேன். வேறு யாரிடம் சொல்ல? திரும்பி வந்து பார்க்கிறேன், உன் பலகையைக் கழுவி, அதன் மேல் காலிக் கூடையைக் கவிழ்த்து, பக்கத்தில் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறாள். சூனாம்பேட்டுக்காரி ஒருத்தி வந்து உட்காரப் பார்த்திருக்கிறாள். "தோ பாரு, இது பானு எடம். முதுவ அறுத்துக்கினு கெடக்குறா. ஒக்காந்த, அறுத்துடுவேன்" என்று துரத்தியிருக்கிறாள். பிறகு என்னிடம், "நிக்கிறவளப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன் இல்ல அண்ணாத்த, அத்த மறந்துடு" என்றாள்.

நீ பொறாமைப்படுவாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அவள் நல்லவள்.

தேவேந்திரன்

*

செங்கல்பட்டு
4.10.2024

மாமாவுக்கு,

நல்லவள்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவளாக இருந்தால் குழம்போடு போயிருக்கும். உடனே வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டார். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, மெத்தை போட்டு. எரிச்சல் இல்லை. தும்மிக்கூடப் பார்த்தேன். சுண்டுவிரல் இன்னும் தூங்குகிறது. ஒரு விரல்தானே, தூங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் என்னைக் கூட்டிப்போக வாருங்கள். சம்பத்திடம் ஜன்னல் ஓர சீட்டு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் நான் உட்கார்ந்து வருவேன். கருங்குழியில் யாராவது ஏறினாலும் எழுந்திருக்க மாட்டேன். நீங்கள் சம்பத் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வாருங்கள். ரோட்டைப் பார்த்தாலும் சரி, என்னைப் பார்த்தாலும் சரி. நான் கேட்க மாட்டேன்.

என் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கும். செய்யூர் மார்க்கெட்டைத் தாண்டும்போது, சந்திரம்மா எழுந்து நின்று பார்ப்பாள் இல்லையா, அப்போது கூப்பிடுகிறேன். வந்து உட்காருங்கள்.

பானுமதி